படம் வருது... சத்தம் வரல!

"படம் வருது தம்பி, சத்தம்தான் வரல."

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று டெல்டாவில் எந்த ஊர் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் அரை நாள் உட்கார்ந்தாலும் இந்த வார்த்தையைக் கேட்காமல் எழுந்து வர முடியாது. திரை உடைந்தால் பார்த்ததும் தெரியும். சார்ஜர் போனால் விளக்கு எரியாது. சத்தம் போனால் மட்டும் எங்கே போனது, ஏன் போனது என்று வீட்டில் ஒருவருக்கும் பிடிபடுவதில்லை. நேற்று ராத்திரி வரை பாடிக்கொண்டிருந்த பெட்டி காலையில் வாயைத் திறக்காது. "போர்டு போயிருக்கும்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். துணிப்பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான்.

அப்படி வந்து சேருகிற கம்ப்யூட்டர்கள் பலவற்றில் எந்தப் பொருளும் கெட்டிருக்காது. எங்கோ ஓர் இடத்தில் வழி அடைபட்டிருக்கும், அவ்வளவுதான். அந்த இடத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

டெல்டாவின் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது, 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டம். அரசு நிறுவனமான எல்காட் வாங்கி, பள்ளி, கல்லூரி வழியாக வந்த அந்த லேப்டாப்பை அக்கா படித்து முடித்ததும் தம்பி எடுத்துக்கொண்டான். தம்பி திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போனதும் அது அப்பாவிடம் தங்கிவிட்டது. 2020 ஊரடங்கில் அதுவே வகுப்பறை ஆனது. இன்று சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுவது அதில்தான். குரூப் 4 தேர்வுக்குப் பாடம் கேட்பதும், பேரனுக்குப் பாட்டு கிளாஸ் நடப்பதும் அதில்தான். இவை எல்லாமே காதால் நடக்கிற காரியங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் ஓட்டிவிடலாம். சத்தம் நின்றால் அந்த வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தும் இல்லாததுதான்.

கடைமடையிலிருந்து நடங்கள்

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நம் விவசாயி என்ன செய்வார்? மேட்டூரில் ஜூன் 12 அன்று ஷட்டரைத் தூக்கினார்களா, கல்லணையில் வெண்ணாற்றுக்கு எவ்வளவு, காவிரிக்கு எவ்வளவு விட்டார்கள் என்று விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தன் மடையைப் பார்ப்பார். அங்கிருந்து கண்ணில் படும் ஒவ்வொரு மதகையும் பார்த்துக்கொண்டே வாய்க்கால் கரையோடு மேலே நடப்பார். எங்கோ ஆகாயத்தாமரை அடைத்திருக்கும், அல்லது யாரோ பலகையை இறக்கிவிட்டிருப்பார்கள். கம்ப்யூட்டரில் சத்தம் தேடுவதற்கும் இதுதான் முறை. பாட்டு ஒரு மென்பொருளில் கிளம்புகிறது. விண்டோஸ் அதை வாங்கிக் கலக்குகிறது. டிரைவர் என்கிற சிறு நிரல் அதைச் சிப்பிடம் ஒப்படைக்கிறது. சிப் எண்களை மின்சாரமாக்குகிறது. அந்த மின்சாரம் துளை, ஒயர் வழியாக ஸ்பீக்கரில் போய் விழுகிறது. பலர் டிரைவரில் கை வைத்து, விண்டோஸையே அழித்துப் போட்டு, அப்புறம்தான் ஒயரைப் பார்க்கிறார்கள். மேட்டூரில் ஆரம்பிக்க வேண்டாம். ஸ்பீக்கரில் ஆரம்பியுங்கள்.

ஸ்பீக்கரைக் கழற்றிச் செல்போனிலோ டிவியிலோ மாட்டிப் பாருங்கள். அங்கே பாடினால் ஸ்பீக்கருக்குக் குறை இல்லை. பாடவில்லை என்றால் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். நெல் மூட்டை அடுக்கியிருக்கும் வீட்டில் எலி இல்லாமல் இருக்காது. வயல் எலிக்கு வைக்கும் மூங்கில் கிட்டிக்கே 'தஞ்சாவூர் கிட்டி' என்று பெயர் வாங்கிய மண் இது. அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் எலிகள் வீட்டுக்கு வரும். மேஜைக்குப் பின்னால் சுவரோரம் கிடக்கும் மெல்லிய ஸ்பீக்கர் ஒயர் அவற்றின் பல்லுக்கு வசதி. ஒயரின் தோல் உரிந்து செம்பு தெரிந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது.

மேஜைக் கம்ப்யூட்டர் என்றால் பின்பக்கத்தில் மூன்று வண்ணத் துளைகள் இருக்கும். இந்த வண்ணங்களை 1999 வாக்கில் மைக்ரோசாஃப்டும் இன்டெலும் சேர்ந்து வகுத்தன. பச்சை ஸ்பீக்கருக்கு, ரோஸ் மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்குவதற்கு. பொங்கலுக்கு வெள்ளையடிக்க மேஜையை நகர்த்தி, எல்லா ஒயரையும் பிடுங்கித் திரும்ப மாட்டும்போது பச்சை ஒயர் ரோஸ் துளைக்குள் போய்விடும். அது கச்சிதமாகப் பொருந்தி உட்காரும். சத்தம் மட்டும் வராது.

லேப்டாப்பில் நடப்பது வேறு. தஞ்சை கீழவாசல் பக்கம் ஒரு கடையில் பார்த்தது இது. ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர், மகனுடைய பழைய லேப்டாப்பை மேஜையில் வைத்தார். கடைத் தம்பி ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. பக்கவாட்டில் இருந்த ஹெட்போன் துளைக்குள் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார்.

"ஐயா, இதுல கடைசியா ஹெட்போன் எப்ப போட்டீங்க?"

"பேத்தி வந்திருந்தப்ப போட்டுச்சு தம்பி. தீபாவளிக்கு."

டிராயரில் கிடந்த ஒரு பழைய ஹெட்போன் பின்னை எடுத்து அந்தத் துளையில் செருகினார், உருவினார், மறுபடி செருகி லேசாகத் திருப்பி உருவினார். இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை. அப்புறம் ஒரு பாட்டைப் போட்டார். லேப்டாப் பாடியது. பெரியவர் கையில் எடுத்த பணத்தை அவர் வாங்கவில்லை.

நடந்தது இதுதான். அந்தத் துளைக்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று உண்டு. பின் உள்ளே போனதும் தகடு நகரும். "ஹெட்போன் போட்டாச்சு" என்று சிப்புக்குத் தகவல் போகும். சிப் உடனே உள்ளே இருக்கும் ஸ்பீக்கரை அடக்கிவிடும். அந்தத் தகட்டில் அறுவடைத் தூசியோ களிம்போ ஏறி ஒட்டிக்கொண்டால், பின்னை உருவிய பிறகும் அது திரும்பி வராது. ஹெட்போன் இன்னும் இருக்கிறது என்றே சிப் நம்பிக்கொண்டிருக்கும். திரையின் கீழ் மூலையில் ஸ்பீக்கர் படத்துக்குப் பதிலாக ஹெட்போன் படமோ, அதை அழுத்தினால் 'ஹெட்போன்' என்ற பெயரோ தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், இதே வியாதிதான். தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் மட்டும் வேண்டாம். இன்னும் தூசியைச் சேர்க்கும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீய்ச்சு போதும், அதுவும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு.

வேதாரண்யம், நாகப்பட்டினம், கோடியக்கரைப் பக்கம் உப்புக் காற்றால் இந்தக் களிம்பு சீக்கிரம் ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் கடலைத் தள்ளியிருக்கும் ஊர்களிலும் அதே கதை.

வேறு வாய்க்காலில் ஓடும் ஒலி

துளையும் ஒயரும் சரி என்றால் அடுத்த கேள்வி: சத்தம் வேறெங்காவது போகிறதா? லேப்டாப்பை எச்டிஎம்ஐ ஒயரால் டிவியில் மாட்டியிருந்தால், படத்தோடு சேர்ந்து ஒலியும் டிவிக்குப் போய்விடும். டிவியின் சத்தம் குறைந்திருந்தால் வீடே நிசப்தம். மேஜைக் கம்ப்யூட்டரிலும் இது நடக்கும். புது மானிட்டர் வாங்கி எச்டிஎம்ஐயில் மாட்டியவுடன், ஸ்பீக்கரே இல்லாத அந்த மானிட்டருக்கு விண்டோஸ் ஒலியை அனுப்பத் தொடங்கும். புளூடூத் இன்னும் வினோதம். மகன் மாட்டிக்கொண்டிருக்கும் இயர்போன் மாடியில் இருக்கும், அம்மா கீழே சீரியல் போடுவார், வசனம் மகன் காதில் கேட்கும்.

மருந்து எளிது. ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, எந்தக் கருவிக்கு ஒலி போகிறது என்ற பட்டியலைத் திறந்து, சரியான பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சத்தம் வராத புகாரில் முதலில் பார்க்க வேண்டிய திரை இதுதான். விண்டோஸ் 10-இல் ஒரே புளூடூத் ஹெட்செட்டுக்கு இரண்டு பெயர்கள் தெரியும், ஒன்று 'ஸ்டீரியோ', இன்னொன்று 'ஹேண்ட்ஸ்ஃப்ரீ'. போன் பேச மைக் திறந்ததும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ வேலை செய்யும், ஸ்டீரியோ வாய்மூடிவிடும். வகுப்பு நடக்கும்போது பாட்டு மட்டும் கேட்காமல் போவதற்குப் பல வீடுகளில் இதுவே காரணம்.

2007 தொடக்கத்தில் வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி வால்யூம் உண்டு. 'வால்யூம் மிக்ஸர்' என்ற இடத்தில் குரோமுக்கு மட்டும் பூஜ்யம் இருந்தால் யூடியூப் பேசாது, மற்றதெல்லாம் பேசும். பிரவுசரில் ஒரு டேப் மட்டும் மியூட் ஆகியிருக்கலாம். இன்னொரு இடம் பலருக்குத் தெரியாது. பழைய 'சவுண்ட்' கன்ட்ரோல் பேனலில் 'கம்யூனிகேஷன்ஸ்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. போன் அழைப்பு நடப்பதாக விண்டோஸ் நினைத்தால், மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைத்துவிடும். யாரும் கேட்காமலே அப்படித்தான் அமைத்து அனுப்புகிறார்கள். அதை 'எதுவும் செய்யாதே' என்று மாற்றிவிடுங்கள்.

பழைய லேப்டாப், புதிய விண்டோஸ்

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால்தான் டிரைவர். ஒரு காலத்தில் ஒலிக்கென்று தனி அட்டை வாங்கிச் செருக வேண்டும். 1989-இல் சிங்கப்பூரைச் சேர்ந்த சிம் வாங் ஹூவின் கிரியேட்டிவ் நிறுவனம் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர்தான் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பேசவும் பாடவும் வைத்தது. இன்று அந்த வேலையை மதர்போர்டிலேயே ஒட்டியிருக்கும் ஒரு சின்னச் சிப் செய்கிறது. பெரும்பாலும் அது தைவானின் ரியல்டெக் தயாரிப்பு. உற்றுப் பார்த்தால் மேலே ஒரு நண்டுப் படம் இருக்கும்.

அரசு கொடுத்த ஆரம்பகால லேப்டாப்கள் விண்டோஸ் 7 காலத்தவை. கூடவே மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இலும் முடிந்துவிட்டன. பழைய உடம்பில் புதிய விண்டோஸைப் போட்டவர்களுக்கு, அந்தச் சிப்புக்கென்று எழுதிய டிரைவர் போய்ப் பொதுவான ஒன்று வந்து உட்காரும். சிலவற்றில் அது ஒத்துப்போகும், சிலவற்றில் ஒலி அடைபடும். டிவைஸ் மேனேஜரில் ஒலிக் கருவியை 'அன்இன்ஸ்டால்' செய்து கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால், விண்டோஸ் தானே திரும்பப் பொருத்தப் பார்க்கும். போதவில்லை என்றால், லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து, தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தே டிரைவரை எடுங்கள். 'எல்லா டிரைவரையும் நொடியில் புதுப்பிக்கிறோம்' என்று விளம்பரம் காட்டும் மென்பொருள்கள் பக்கமே போக வேண்டாம். சில சமயம் குற்றவாளி டிரைவர்கூட இல்லை. ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தேடி, 'விண்டோஸ் ஆடியோ' என்ற வரியைக் கண்டுபிடித்து 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் பேசத் தொடங்கிவிடும்.

போர்டு போய்விட்டதா, விண்டோஸ்தான் குழப்புகிறதா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரு பரீட்சை இருக்கிறது. கடைக்குப் போகும் முன் எல்லோரும் செய்ய வேண்டியது அது. ஒரு பென் டிரைவில் உபுண்டு லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் துவக்குங்கள். எதையும் நிறுவ வேண்டாம், 'ட்ரை' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அதில் ஒரு பாட்டு கேட்டால் சிப், துளை, ஸ்பீக்கர் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. குறை விண்டோஸில்தான். அதிலும் ஊமை என்றால் மட்டும் பொருள் பழுது பற்றி யோசிக்கலாம்.

பொருளே பழுது என்றாலும் மதர்போர்டு மாற்றத் தேவையில்லை. யுஎஸ்பி துளையில் செருகும் விரல் நீள ஒலிக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கெட்டுப்போன சிப்பை விட்டுவிட்டு, அதுவே தனியாக ஒலியை எடுத்துக்கொடுக்கும். போர்டுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் இடத்தில் இதைப் பற்றிக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம். விவரம் தெரிந்த நல்ல கடைக்காரர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

தம்புரா எங்கே போனது?

இதுவரை சொன்னதெல்லாம் ஒட்டுமொத்தமாகச் சத்தம் போன கதை. பாதி மட்டும் போகிற கதை ஒன்று இருக்கிறது. அது நம் மண்ணுக்கே உரிய துக்கம்.

திருவையாறும் கும்பகோணமும் கொண்ட இந்த மண்ணிலிருந்து பாட்டு வாத்தியார்கள் இன்று ஜூம் வழியாக அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். குரு இங்கே தம்புராவையோ சுருதிப் பெட்டியையோ போட்டுக்கொண்டு 'ஸா' பிடிக்கிறார். அங்கே குழந்தைக்கு முதல் இரண்டு நொடி தம்புரா கேட்கிறது. பிறகு மெல்ல மறைந்துபோகிறது. குருவின் குரல் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. குழந்தை சுருதி விலகிப் பாடுகிறது. "காதைக் கொடுத்துக் கேளு கண்ணா" என்று குரு எத்தனை தடவை சொன்னாலும், கேட்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

தம்புராவைத் தின்றது ஜூமின் இரைச்சல் வடிகட்டி. மின்விசிறி, ஏசி, தெருவில் ஓடும் டீசல் இன்ஜின் இவற்றை நீக்கிப் பேச்சை மட்டும் அனுப்புவதற்காக அதைச் செய்தார்கள். மாறாமல் ஒரே சீராக ஒலித்துக்கொண்டிருப்பது எதுவோ அது இரைச்சல் என்பது அதன் கணக்கு. தம்புராவின் பெருமையே அது மாறாமல் ஒலிப்பதில்தான் இருக்கிறது. நம் சங்கீதத்தின் அடித்தளம் என்று நாம் கொண்டாடுவதை அந்தக் கணக்கு குப்பையாகப் பார்த்துத் துடைத்துப் போடுகிறது. அலுவலகக் கூட்டத்துக்குச் செய்த கருவியைச் சங்கீதம் சொல்லிக்கொடுக்கப் பயன்படுத்துகிறோம், அந்தப் பொருத்தமின்மைக்கு நம் பிள்ளைகளின் சுருதி விலையாகப் போகிறது என்பதை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரிசெய்ய வழி இருக்கிறது. ஜூம் செட்டிங்ஸில் ஆடியோ பகுதியில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, வகுப்பு தொடங்கியதும் திரையின் மேல்பக்கம் தெரியும் அதே பெயர்ப் பொத்தானையும் 'ஆன்' செய்ய வேண்டும். முதலாவதைச் செய்து இரண்டாவதை மறந்துவிடுபவர்கள்தான் அதிகம். கூகுள் மீட்டில் 'நாய்ஸ் கேன்சலேஷன்' என்பதை அணைக்க வேண்டும். ஜூமில் மைக் அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். நாகஸ்வரம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஆச்சா மரத்தில் கடைந்து, 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்தை ஒரு மூச்சு ஊதினாலே அந்தத் தானியங்கி மிரண்டு மைக்கைத் தாழ்த்திவிடும். அடுத்து குரு வாயால் சொல்கிற ஸ்வரம் அங்கே முணுமுணுப்பாகத்தான் கேட்கும்.

குருவும் சிஷ்யையும் சேர்ந்து பாடினால் ஒரு குரல் காணாமல் போவதும் இதே வகைதான். ஸ்பீக்கரிலிருந்து திரும்ப மைக்குக்குள் வரும் எதிரொலியை வெட்டுவதற்காக, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது மென்பொருள் ஒன்றை அமுக்குகிறது. இரண்டு வீட்டிலும் ஒயர் உள்ள ஹெட்போன் போட்டுக்கொண்டால் எதிரொலிக்கே இடமில்லை. அந்த வெட்டும் வசதியைத் தைரியமாக அணைக்கலாம். புளூடூத் இதற்கு ஆகாது. அதன் மைக்கைத் திறந்ததும் ஒலியின் தரம் டெலிபோன் அளவுக்கு இறங்கிவிடும், கமகம் எல்லாம் தேய்ந்துவிடும்.

சத்தமே கண்ணாக இருப்பவர்கள்

தஞ்சாவூரில் பார்வைத்திறன் குறையுடைய மாணவர்களுக்கான அரசு மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. அங்கே படித்துக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளும் லேப்டாப் வைத்திருக்கிறார்கள். அவர்கள் அதைப் படிப்பது என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் மூலமாக. பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கர்ரன் 2006-இல் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள் அது. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும், தமிழிலும் படிக்கும். நமக்குச் சத்தம் போனால் திரையைப் பார்த்து அமைப்பை மாற்றிக்கொள்வோம். அவர்களுக்குச் சத்தம் போனால் அந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் குரலும் சேர்ந்தே போய்விடுகிறது. பரீட்சைக்கு முந்தைய ராத்திரி ஒரு மாணவிக்கு இது நேர்ந்தால் அவருடைய புத்தகங்கள் அத்தனையும் ஒரே நொடியில் பூட்டப்படுகின்றன. கம்ப்யூட்டரின் ஒலியை ஓர் அலங்காரமாக நினைத்து, மட்டமான துளையையும் ஸ்பீக்கரையும் வைத்து அனுப்புகிற தயாரிப்பாளர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். 2025-26 தமிழக பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். அரசு வாங்கும்போது நினைவகம், திரை அளவு பார்ப்பது போலவே ஒலித் துளையையும் ஸ்பீக்கரையும் சோதித்து வாங்க வேண்டும் என்று கேட்கப் பார்வைத்திறன் குறைந்த மாணவர்களுக்கு முழு உரிமை உண்டு.

கண்ணால் பார்க்காமல் ஒலியை மீட்கச் சில விசைகள் உதவும். கன்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் என்விடிஏ புதிதாகத் துவங்கும். அப்போதும் பேசவில்லை என்றால் விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் அழுத்துங்கள். விண்டோஸின் சொந்த வாசிப்பான் நரேட்டர் எழும். நரேட்டர் பேசி என்விடிஏ மட்டும் பேசாவிட்டால் பிழை என்விடிஏயின் ஒலி அமைப்பில் இருக்கிறது. விண்டோஸ் 11-இல் விண்டோஸ், கன்ட்ரோல், வி அழுத்தினால் ஒலி எங்கே போகிறது என்ற பட்டியல் திறக்கும். இரண்டு வாசிப்பானும் பேசாவிட்டால், ஒரு யுஎஸ்பி ஹெட்செட்டைச் செருக வேண்டும். விண்டோஸ் அதைப் புதிய கருவியாக எடுத்துக்கொண்டு பெரும்பாலும் ஒலியை அங்கே திருப்பிவிடும். அதுவும் கைகொடுக்காத ராத்திரியில், பேசிக்கொண்டிருக்கும் செல்போனில் 'பி மை ஐஸ்' செயலியைத் திறந்து, கேமராவை லேப்டாப் பக்கம் காட்டினால், மறுமுனையில் வரும் தன்னார்வலர் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்வார். பார்வைத்திறன் குறைந்த மாணவருக்கு லேப்டாப் வாங்கிக்கொடுக்கும் அப்பா, அம்மா, அறக்கட்டளை, ரோட்டரிக்காரர்கள் யாராக இருந்தாலும், அந்தப் பையிலேயே ஒரு யுஎஸ்பி ஹெட்செட்டையும் போட்டு, இந்த விசைகளை ஒருமுறை அவர்கள் விரலால் அழுத்திப் பழக்கிவிட்டுக் கொடுங்கள்.